தாது வருஷத்துக்காரிக்கு அறுபது

அந்த வருஷப் பிறப்புக்கு நான் முகப்பேரில் தாய்வீட்டில் இருந்தேன். என்னைக் கட்டிக்கொடுத்தது அம்பத்தூரில். பெயருக்குத்தான் வேறு ஊர். கோபித்துக்கொண்டு கிளம்பினால் கோபம் ஆறுவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். சாயங்காலம் கோயிலில் பஞ்சாங்கம் படித்தார்கள். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறந்திருப்பது தாது வருஷம் என்றார். அவ்வளவுதான், முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி என் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்கு எப்படி இருக்கும்? அங்கேயே எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பார்த்ததற்குக் காரணம் இதுதான். வருஷப் பெயர்கள் அறுபதும் ஒரு சுற்று முடிந்தால் மறுபடி அதே பெயர் வரும். போன சுற்றில் வந்த தாதுவில்தான் அந்தப் பெரும் பஞ்சம். ஏரி, குளம், கிணறு எல்லாம் வறண்டு, ஜனங்கள் கஞ்சித் தொட்டி வைத்த இடம் தேடி நடந்தார்களாம். அந்த மாசி மாதம், கஞ்சிக்கு நின்ற வரிசையிலேயே என் அம்மா பிறந்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு போகவே இல்லை. தாது வருஷத்துக்காரி. பஞ்சத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவள்.

வெறும் பெயரோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். என் அம்மா அரிசி அளக்கும் படியைத் தொடக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அவள் கை பட்டால் தானியம் வற்றிவிடுமாம். நெல்லை அவள் அவிக்கலாம், குத்தலாம், புடைக்கலாம். அரிசியைக் கழுவி உலையில் போட்டு வடித்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைத் தின்னலாம். அளப்பது மட்டும் வேறு யாராவது அளக்க வேண்டும். முதலில் மாமியார் அளந்து கொடுத்தாள். மாமியாருக்குப் பின் கொஞ்ச காலம் நைனா. நைனா போன பிறகு என் அண்ணி. மருமகள் அளந்து போடும் அரிசிக்கு மாமியார் முறத்தை ஏந்திக்கொண்டு நிற்பதை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

ஒரே ஒரு தடவை அவள் படியைத் தொட்டிருக்கிறாள். பதினான்கு வயதில், கல்யாணமாகி வந்த புதிதில், விஷயம் தெரியாமல் அரிசி அளக்கப் போனாள். அளக்கிறபோது முதல் படிக்கு யாரும் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. அம்மா படியை நிரப்பித் தூக்கி, லாபம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமியார் ஓடிவந்து படியைப் பிடுங்கிவிட்டாளாம். அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்து ஏரிக்கரை உடைந்து பயிர் மூழ்கிப் போயிற்று. அதற்கும் அம்மாதான் காரணம் என்று ஆக்கிவிட்டார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்: மழை பெய்யாமல் போனதும் இவளால், பெய்ததும் இவளால்!

கோயிலிலிருந்து திரும்பி வரும்போது நான் சொன்னேன்: "ம்மா, மாசில உனக்கு அறுபது முடியுது. நான் செய்யப் போறேன்."

"இன்னாடி செய்யப் போற?"

"அறுபதுக்கு செய்யறத."

"போடி பைத்தியம். அது ஆம்பளைங்களுக்கு. ஒங்க நைனாவே போய்ட்டாரு."

அவள் சொன்னது சரிதான். புருஷனுக்கு அறுபது முடிந்தால் அறுபதாம் கல்யாணம் என்று ஊரைக் கூட்டி மறுபடி தாலி கட்டுவார்கள். பெண்டாட்டிக்கு அறுபது முடிந்தால் ஒரு நாதியும் இல்லை. அவளும் தாலி இல்லாதவளாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். எவன் போட்ட கணக்கு இது? அறுபது வருஷம் மூச்சு விட்டது இவளும்தானே? அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ரயிலில் வேலை பார்த்தார். பேச்சு குறைவான மனிதர். ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் இருந்தது. தை அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். என் அம்மாவுக்கு நம் வீட்டில் அறுபது செய்ய வேண்டும், நம் அரிசியை அவள் கையால் அளக்க வைக்க வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று. எங்கள் பக்கத்தில் விசேஷச் சமையலுக்கு அரிசியை வீட்டில் மூத்தவள்தான் அளந்து போடுவாள். மற்ற எது குறைந்தாலும் பரவாயில்லை, இது ஒன்று நடந்தாக வேண்டும் என்று எனக்கு.

"நீ முடிவு பண்ணிட்டு என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார்.

"பஞ்சம் வந்துடும்பாங்களே?"

"வந்தா எல்லாருக்கும்தான் வரும். நமக்கு மட்டும் தனியாவா வரும்?" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவரை எனக்கு அதற்காகவே பிடிக்கும்.

என் அண்ணன் அப்படி இல்லை. முகப்பேருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் குதித்தார்.

"தாலியறுத்தவளுக்கு அறுபதா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ண்ணா. யார் யாருக்குப் பல்லு கீதுன்னு பாத்துக்கலாம்."

"இன்னும் ரெண்டு மாசம் பொறு. தாது போவட்டும், ஈசுர வருசம் பொறக்கட்டும். அப்பால எதுனா செய்."

"அம்மா பொறந்தது தாதுல. ஈசுரல பொறந்தவங்களுக்கு ஈசுரல செய்."

அண்ணன் குரலை இறக்கினார். "சோறு போடறதுன்னா போட்டுக்கோ. அம்மா கைல மட்டும் படியக் குடுக்காத. ஒனக்கும் புள்ளைங்க கீது."

உள்ளேயிருந்து அம்மாவும் அதையேதான் சொன்னாள். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம்தான் அதிகம். "அவன் சொல்றது நாயம்டி. என் பேரப் புள்ளைங்க துன்ற ஊடு அது. என் கை வேணாம்." அறுபது வருஷம் ஊர் சொன்னதை அவளே நம்பிவிட்டாள். நான் அழுதுவிட்டேன். ஆத்திரத்தில் வந்த அழுகை, துடைக்கத் துடைக்க வந்தது.

"சரி, வந்து சொம்மா உக்காரு. இன்னா சாப்பாடு வேணும், அதையாவது சொல்லு" என்றேன்.

அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "எதுனா செய். கஞ்சி மட்டும் வேணாம்."

பிறகு ஏற்பாட்டில் இறங்கினேன். பூந்தமல்லிச் சந்தையில் பரங்கிக்காயும் கத்திரிக்காயும், அம்மாவுக்குப் பாக்கு நிறத்தில் ஒரு நூல் சேலையும் வாங்கினேன். யாருக்கு என்று விசாரித்துவிட்டு, தாலி இல்லாதவர்கள் வெள்ளைதானே உடுத்துவார்கள் என்று கடைக்காரன் இழுத்தான். உடுத்திக்கொள்ளப் போவது நீயா என்று கேட்டேன். சமையலுக்குப் பட்டாபிராமிலிருந்து ஒரு ஆளைச் சொல்லி வைத்தோம். பரங்கிக்காய் சாம்பார், கத்திரிக்காய்க் கறி, வடை, பாயசம், அப்பளம். இருநூறு இலைக்குச் சொன்னேன்.

வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைத்தேன். எங்கள் எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"இன்னாமே விசேசம்?"

"எங்கம்மாவுக்கு அறுபது."

"ஒங்க நைனா இல்லியே. யாரு தாலி கட்டறது?"

"யாரும் கட்ட வேணாம். சோறு போடறோம், வந்து துன்னு."

"அரிசி ஒங்கம்மாதான் அளக்கறாங்களாமே?" விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. "என்னை உட்ரும்மா. நாங்க புள்ளகுட்டிக்காரங்க." வெற்றிலையைக் கையால்கூடத் தொடவில்லை. இப்படியே பத்து வீட்டில் நாலு வீடு. நான் விடவில்லை, எடுக்காதவர்கள் வாசலில் வெற்றிலையை வைத்துவிட்டு வந்தேன். அழைத்தது அழைத்ததுதான்.

அன்று காலை அம்மா புதுச் சேலையை உடுத்தி, கூடத்தில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். நடுவில் வந்து உட்கார் என்றால் கேட்கவில்லை. குத்திப் புடைத்த அரிசியைப் பாயில் குவித்து, பக்கத்தில் கூடையும் படியும் வைத்திருந்தேன். படிக்குப் பொட்டும் வைத்திருந்தேன். பின்கட்டில் அண்டாவில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி எப்போது வரும் என்று சமையல்காரர் இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார். வந்திருந்த பெண்கள் சுவர் ஓரமாக நின்று, அம்மா எழுந்திருப்பாளா என்று பார்த்தார்கள்.

"ம்மா, வா" என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் பயம்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அண்ணன் வரவில்லை, அவளை மட்டும் அனுப்பியிருந்தார். எதற்கு அனுப்பினார் என்பது உடனே தெரிந்துபோயிற்று. அண்ணி பழத்தை வைத்துவிட்டு நேராகப் பாயண்டை போய்க் குனிந்து படியை எடுத்துக்கொண்டாள்.

"நான் அளந்து போட்டுடறேன். அத்தை கைய வைக்க வேணாம். ஊரு வாயில இன்னாத்துக்கு உழணும்?"

கெட்ட எண்ணத்தில் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அவளும் பயந்திருந்தாள். ஆனால் இத்தனை பேர் நடுவில், அம்மாவுடைய நாளில், அவள் அந்தப் படியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல்.

"கீழ வை."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அத்தே, உங்க நல்லதுக்குத்தான்..."

"வைன்னு சொல்றேன் இல்ல? அன்னிக்கு ஒருத்தி புடுங்கினா. இன்னிக்கு நீ புடுங்கறியா? இது என் பொண்ணு ஊடு. இது எனக்கு ஆவற சோறு. வை கீழ."

அண்ணி வைத்துவிட்டாள். அம்மா நிதானமாக நடந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். படியைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். அரிசியில் ஆழ்த்தி, கோபுரமாகக் குவித்துத் தூக்கினாள். நாலு மணி சிந்தியது. கூடைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"லாபம்!"

கொட்டினாள். மறுபடி நிரப்பித் தூக்கினாள்.

"லாபம்!"

அண்ணி மெதுவாக, "அத்தே, அடுத்தது ரெண்டு" என்றாள்.

"லாபம்!" என்று மூன்றாவதையும் கொட்டினாள் அம்மா. சுவர் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். நான் குனிந்து, "ம்மா, எண்ணணும்மா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் முகத்தில் அழுகை இல்லை.

"எண்ணத் தெரியாம இல்லடி. அன்னிக்கு ஒண்ணுகூட சொல்ல உடல. நாப்பத்தாறு வருசமா தொண்டைல நிக்குது. இன்னிக்கு அத்தினியும் சொல்லிட்டுதான் எந்திரிப்பேன்."

லாபம், லாபம், லாபம் என்று அளந்துகொண்டே போனாள். பாயில் இருந்த குவியல் தீர்கிறவரை அவள் நிறுத்தவில்லை. சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்து, "எத்தினி படிம்மா ஆச்சு? அண்டா தாங்கணும்ல?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் கணக்குத் தெரியவில்லை.

அண்டா தாங்கவும் இல்லை. தெருவில் அவ்வளவு பெரிய அண்டா இன்னொன்று எதிர்வீட்டில்தான் இருந்தது. நானே போய் வாசலில் நின்று கேட்டேன். நான் வைத்துவிட்டுப் போன வெற்றிலை அங்கேயே காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரிக்கு அம்மாவின் குரல் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். உள்ளே போய் அண்டாவை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பந்தி போடும் நேரத்தில், அண்டாவைப் பார்த்துப் போக வந்தவள் மாதிரி வந்து, கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் இலைக்குச் சோறு போட்டது என் அம்மா.

"போதும் போதும்" என்றாள் அவள்.

"துன்னுமே" என்றாள் அம்மா. "எவ்ளோ வேணாலும் கீது."