அப்பாவின் பிடி

அப்பாவுக்கு எதையும் மெல்லப் பிடிக்கத் தெரியாது. செர்டாங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுவதுதான் அவர் வேலை. தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும் குலையை, நீளக் கம்பின் நுனியில் மாட்டிய அரிவாளால் இழுத்து அறுக்க வேண்டும். பிடி கொஞ்சம் நழுவினாலும் அரிவாள் ஆளைப் பதம் பார்த்துவிடும். அதற்குப் பழகிய கை, பல் துலக்கும் பிரஷைக்கூட முறிக்கிற மாதிரிதான் பிடிக்கும். காய்கறி வாங்கப் பாசாருக்கு என்னைக் கைபிடித்து அழைத்துப் போனால் என் விரல்கள் சிவந்துவிடும்.

அந்தக் கையோடுதான் ஞாயிறுதோறும் மாமாவிடம் ஸ்னூக்கர் விளையாடித் தோற்பார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஸ்னூக்கர் சென்டர் வைத்திருந்தார். அப்பா குனிந்து ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தால் போதும், மாமா தொடங்கிவிடுவார்.

"ஐயோ மச்சான், இது குலை வெட்டுற கம்பு இல்ல லா! கட்ட விரலும் ரெண்டு விரலும் போதும். மத்ததெல்லாம் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கட்டும். தூங்குற பிள்ள கையப் பிடிக்கிற மாதிரி பிடிங்க."

அப்பா தலையாட்டுவார். ஆனால் அடிக்கிற நேரத்தில் முஷ்டி இறுகிவிடும், ஸ்டிக்கின் பின்புறம் எழும்பும், வெள்ளைப் பந்து கோணிக்கொண்டு ஓடும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை அப்பா மாமாவை ஜெயிக்க வேண்டும் என்று தோட்டத்து முனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார்.

அன்று காலை சட்டைப் பட்டனோடு வெகுநேரம் மல்லுக்கட்டிவிட்டு, "நீயே போட்டு விடும்மா" என்றார் என்னிடம். அப்பாவுக்கே பட்டன் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பிறகு கோப்பிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவி உடைந்தது. அம்மா சில்லுகளைக் கூட்டிக்கொண்டே அவர் கையைப் பார்த்தாள். சென்டர் பக்கமே வராதவள், அன்று தானும் வருவதாகச் சொல்லிக் காரில் ஏறிக்கொண்டாள்.

அப்பா மேசையில் குனிந்தபோது பின்கையில் ஸ்டிக் சும்மா தொங்குகிற மாதிரி இருந்தது. முஷ்டி இறுகவே இல்லை. வெள்ளைப் பந்து நூல் பிடித்தாற்போல் போனது. சிவப்பு விழுந்தது, நீலம் விழுந்தது, மாமா தன் ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தார். கடைசியில் கறுப்பும் குழியில் இறங்கியதும் அவரே ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார்.

"அப்படிப் போடுங்க மச்சான்! இதான் லா பிடி! இத்தன வருசமா கத்துறேன், இப்பதான் உங்க கை கேட்டுச்சு!"

நான் குதித்தேன். அம்மா மட்டும் கைதட்டவில்லை. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தோற்றுவிட்டானாம், அதற்கு அழுகிறாள், என்ன பொம்பளை இவள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவளோடு பேசவில்லை.

நரம்பு நோய் என்று சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான். அப்பா குலை வெட்டும் கம்பை விட்டார். கொஞ்ச நாளில் ஸ்டிக்கையும் விட்டார். மாமா மேசைக்குத் துணி போர்த்திவிட்டு, 'இப்பதான் உங்க கை கேட்டுச்சு' என்று தான் சொன்ன வார்த்தைக்காக அம்மாவிடம் வந்து அழுதார்.

எனக்கு இன்றும் வலிப்பது அந்த மாடிப்படிதான். ஜெயித்துவிட்டு இறங்கும்போது அப்பா கையை நீட்டினார், நான் கோத்துக்கொண்டேன். என் விரல்கள் சிவக்கவில்லை. மாமா சொல்லிக்கொடுத்த பிடியை எனக்காகவும் பழகிக்கொண்டார் என்று நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

"இப்பதாம்பா வலிக்கவே இல்ல" என்றேன்.

அப்பா ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் என்னைப் பிடித்திருக்கவில்லை, நான்தான் அவரைப் பிடித்திருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.