வெளியிலிருந்தும் திறக்கும் தாழ்ப்பாள்

என் அக்கா வீட்டுக்காரர் தச்சர். அவர் மாட்டிய கதவு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டால் நான் என் மீசையை எடுத்துவிடுகிறேன். அப்படி ஒரு கை. ஒரே மகள், அவள் என்றால் மாமாவுக்கு உயிர்.

அவள் டியூஷன் படித்த கட்டடத்தில் தீப்பிடித்தபோது அவள் கழிவறையில் இருந்தாள். பதற்றத்தில் இழுத்ததில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்துத்தான் தூக்கி வந்தார்கள். உடம்பில் பெரிய காயமில்லை. ஆனால் பேச்சு குறைந்துபோனது; ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே மாமா வீட்டிலிருந்த எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். திருடனை நினைத்து வாசல் கதவை மட்டும் விட்டுவைத்தார். அதன்பிறகு அங்கே குளிக்கப் போகிறவர்கள், ஆள் இருப்பது தெரிய, உள்ளே பாட வேண்டும். என் பாட்டைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். மகள் போனாலோ அக்கா கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேம்மா."

தூங்கும்போதும் பக்கத்தில் ஒருவர். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்கு அந்த வீட்டுக்குள் போனாலே மூச்சு முட்டும். பகலெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மனுஷன், சொந்த வீட்டில் இப்படியா என்று எரிச்சலாக வரும். சொன்னால் உளியோடு வருவார், வாயை மூடிக்கொள்வேன்.

விபத்தில் சிக்கிய பிள்ளைகளுக்கு மனசு தேற ஆலோசனை சொல்லவென்று ஒரு கவுன்சிலர் அம்மா வாராவாரம் வருவார். மகளை ஒருபக்கம் அக்கா, மறுபக்கம் மாமா அணைத்து உட்கார்ந்திருக்க, என்ன கேட்டாலும் அவர்களே பதில் சொல்வார்கள். ஒருநாள் நானும் இருந்தபோது அந்த அம்மா, "அவளே சொல்லட்டுமே. உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள்."

மாமா எழுந்தேவிட்டார். "அதுதானடி உன்னை உள்ள மாட்டி வெச்சுது!"

"அங்க கொஞ்ச நேரம்தான்பா மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கவுன்சிலர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "இந்த வீட்ல அதிகமா பயந்து போயிருக்கறது யாருன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. அவசரமில்லைங்க, உங்களால முடியறப்போ போடுங்க."

மாமா நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, உள்ளே போட்டாலும் வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினால் திறக்கிற தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி வந்தார். மகளிடம் காட்டினார். தலையாட்டினாள். அவர் ஸ்க்ரூவைக் கீழே போட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று மூன்று முறை போட்டார்.

அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா பழக்கத்தில் முக்காலியைத் தூக்கினாள், நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு அழுகை. விம்மலாகத் தொடங்கி வீடு முழுக்கக் கேட்கும் அழுகை. மாமா பாய்ந்து போய்க் காசைத் தாழ்ப்பாளின் பள்ளத்தில் வைத்துவிட்டார். ஒரு திருகுதான் பாக்கி.

"தொறக்காதீங்கப்பா" என்றாள் உள்ளிருந்து. "அழுதுட்டு வரேன்."

காசை எடுத்துக்கொண்டு மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அவள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.