ஐஸில் வைத்துக் கொண்டுபோன ரத்தம்

நான் ஐந்தாவது வரை படித்தவள். கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அடி அண்ணாமலையில் எங்களுக்கு இளநீர்க் கடை. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் குலை இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நெஞ்ச அடைக்குதுடி" என்றார். அப்படியே சாய்ந்துவிட்டார். மூச்சில்லை. என் மகள் செல்விக்குக் கம்பெனியில் முதலுதவி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இதயம் திரும்ப ஓடியது. அவர் கண் மட்டும் திறக்கவில்லை. வென்டிலேட்டர் (மூச்சு விட வைக்கிற மிஷின்) வைத்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர், "என்.எஸ்.இ.னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கறோம்மா" என்றார் (மூளை செல் சேதமானால் ரத்தத்தில் கலக்கிற ஒரு பொருள், ரொம்ப ஜாஸ்தியாக இருந்தால் தேறுவது கஷ்டம்). "இது ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்" என்றும் சொன்னார். அது எங்கள் காதில் ஏறவில்லை.

அன்று பௌர்ணமி. வெளியூர் லேபுக்கு ரத்தம் கொண்டுபோகிற வேன் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வர முடியாமல் கீழ்பென்னாத்தூர் ரோட்டிலேயே நின்றுவிட்டது. "நான் போறேன்" என்று என் கொழுந்தனார் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை வாங்கிக்கொண்டு, மொபெட்டில் வயல் வழியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அளவு வந்தது. ரொம்ப ஜாஸ்தி.

"அண்ணி, மூச்சு இருக்கறப்பவே வீட்டுக்குக் கொண்டாந்துடலாம். நம்ம கையால வாயில பால் ஊத்தி அனுப்பணும் இல்ல?" என்றார் கொழுந்தனார். எங்கள் பக்கம் வழக்கம் அது. மாமனாரையும் அப்படித்தான் கொண்டுவந்தோம். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேனும் வந்து நின்றது.

"ஒரு நாள் பாக்கலாம் சித்தப்பா" என்று செல்வி அழுதாள்.

"நீ சும்மா இரு. அண்ணி சொல்லட்டும்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன். 'நாங்களாகத்தான் அழைத்துப் போகிறோம்' என்ற தாளை டாக்டர் கொண்டுவந்தார். பேனாவை வாங்கினேன்.

பக்கத்தில் கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னால ஆனத செஞ்சேன் அண்ணி. ரத்தம் கெட்டுடப் போகுதேனு கரும்பு ஜூஸ் கடையில ஐஸ் வாங்கி, குளிர் நிக்க உப்புத் தூவி, குழாயச் சுத்தி அமுக்கித்தான் எடுத்துட்டுப் போனேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு உறுத்தியது. ஐஸ் பட்டால் கொத்தமல்லியே துவண்டு தண்ணீர் விட்டுவிடும். ரத்தம் என்ன ஆகும்? பேனாவைக் கீழே வைத்தேன்.

"சார், அந்த ரத்தத்த ஐஸுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனாரு. அது சரிங்களா?"

டாக்டர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். லேபுக்கு போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார்.

"ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்கறது இளமஞ்சளா இருக்கணும்மா. இது சிவந்து போயிருக்காம். ஐஸ்ல விறைச்சு சிவப்பணு உடைஞ்சிருக்கு. அதுக்குள்ளயும் இதே பொருள் இருக்கறதால அளவு ஏறிக் காட்டும். மறுபடி எடுக்கலாம். அப்பவும் ஸ்கேன், கண்ணுல லைட் அடிச்சுப் பாக்கறது எல்லாம் சேத்துத்தான் சொல்லுவேன்."

கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணன நானே கொன்னுருப்பேனே!"

வேனைத் திருப்பி அனுப்பினோம்.

இரண்டாவது ரத்தத்தில் அளவு கம்மிதான். அப்படியும் அவர் அசையவில்லை. காத்திருந்தோம். ஏழாம் நாள் செல்வி கூப்பிட்டதும் கண் திறந்து அவளைப் பார்த்தார்.

இப்பொழுது கோல் ஊன்றி நடக்கிறார். "நெஞ்ச அழுத்தி என் விலா எலும்ப ஒடிச்ச மகராசி இவதான்" என்று வருகிறவர்களிடம் செல்வியைக் காட்டுகிறார். "இன்னொரு வாட்டி விழுந்து பாருப்பா, மிச்சத்தையும் ஒடிக்கறேன்" என்கிறாள் அவள்.

அந்த நாட்கள் அவருக்கு நினைவில் இல்லை. அந்தப் பௌர்ணமி போய்விட்டது என்றால் நம்புவதில்லை. எனக்கோ பொழுது இப்போது மணிக்கணக்கில் போவதில்லை, அவர் விடுகிற மூச்சு மூச்சாகத்தான் போகிறது. அவர் இழுத்து விட்ட பிறகுதான் நான் விடுகிறேன்.

ரத்தத்தைப் பற்றி நான் எழுதியது சரியா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். நான் தப்பாக எழுதியதை நம்பி, இன்னொருத்தி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.