அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு

என் மகளின் மாமனார் அமெரிக்கர். நியூயோர்க் மாநிலத்தின் வடக்கே, சோளவயல்களும் பால்பண்ணைகளும் நிறைந்த ஒரு கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கவுண்டியில் குடியிருந்த குடும்பங்களின் வரலாற்றைப் புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். யார் யாருடைய பிள்ளை, யாரைக் கட்டினார், எந்த மயானத்தில் கிடக்கிறார் என்பதெல்லாம் அதில் வரும். பெண் எடுத்த வீடுகளும் வரும். ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கம், கனடாவின் மார்க்கம் நகரத்தில் இருக்கும் எங்கள் குடும்பமும் வரவேண்டும் என்றார்.

அவர் கேட்டது குடும்பத்தைப் பற்றி. நான் சாதி விசாரிக்க வந்தவருக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னேன். அப்பாவின் தகப்பனான பேரனார், ஊரை நிர்வகிக்கும் விதானையாராக இருந்ததையும், கோயில் திருவிழாவில் எங்களுக்கு இருந்த உபயத்தையும் விரிவாகச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, எழுத்தில் ஏதாவது உண்டா என்றார். பழைய பத்திரிகைகளின் மரணச் செய்திகள்தான் அவருக்குப் பெரிய ஆதாரம். எங்களிடமும் அது உண்டு என்று பெருமையோடு சொல்லி, என் அம்மாவின் மரண அறிவித்தலை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

இங்கே எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் அறிவித்தலில் சுற்றம் முழுவதும் வரும். அன்னாரின் பாசமிகு மகன், மருமகள், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என்று ஒருவரும் விடுபடாமல் இருக்கவேண்டும். பெயர் விடுபட்டதற்காகப் பல வருடங்கள் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அம்மாவின் அறிவித்தலை எழுதியவன் நான். அதில் அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். நாங்கள் குறைவென்று நினைத்த சாதியில், பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவரை விரும்பிக் கட்டினார். அன்றோடு வீட்டில் அவருடைய பேச்சு நின்றது. பிறகு ஊரில் மூண்ட போர் எங்கள் எல்லோரையும் பக்கத்துப் பக்கத்து நகரங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அக்கா, காரில் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும் விட்பியில் மகனோடு இருக்கிறார். என் மகள் வெள்ளைக்காரனைக் கட்டியபோது நான் மண்டபம் எடுத்து, மேளம் பிடித்து, எல்லோரையும் அழைத்தேன். அக்காவை அழைக்கவில்லை. இதை எப்படி எழுதினாலும் அழகாக வராது.

அம்மாவின் இறுதிக்கிரியைக்கு அக்கா வந்தார். கடைசி வரிசையில் நின்று, பூப் போட்டுவிட்டுப் போனார். சில வருடங்களின் பின் ஒரு காலை சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது, வானொலியில் அவருடைய கணவரின் மரண அறிவித்தல் போனது. அன்னாரின் அன்பு மைத்துனர் என்று என் பெயரையும் வாசித்தார்கள். அக்கா என் பெயரை விட்டுவிடவில்லை. எனக்கு முதலில் வந்த யோசனை, இதை யார் யார் கேட்டிருப்பார்கள் என்பதுதான். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

சென்ற கோடையில் மகளும் மருமகனும் என்னைச் சம்பந்தியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என்னைத் தன் பழைய ட்ரக்கில் ஏற்றி, வயல்களுக்கு நடுவே ஒரு புல்வெளிக்குக் கொண்டுபோனார். ஒரு காலத்தில் அங்கே, போக்கிடம் இல்லாதவர்களைக் கவுண்டி வைத்துப் பராமரித்த விடுதி இருந்ததாம். அங்கே இறந்து இந்தப் புல்வெளியில் புதைக்கப்பட்டவர்களின் கற்களில் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே. ஒரு கல்லின் முன் குந்தி, போத்தல் தண்ணீரை ஊற்றி மெல்லிய தூரிகையால் பாசியைத் தேய்த்தார். தன் பாட்டனாரின் தாய் என்றார். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள். பாட்டனாரின் மரணச் செய்தியில் தாயின் பெயர் இல்லை. எழுதியவர்கள் வெட்கத்தில் விட்டுவிட்டார்கள். எந்த மரணச் செய்தியிலும் யாரை விட்டிருக்கிறார்கள் என்றே முதலில் பார்ப்பதாகச் சொன்னார். விடுதியின் பழைய பதிவேட்டில் அவளைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் கேக் வெட்டினார்களாம். ஈரக் கல்லை உள்ளங்கையால் துடைத்தார், குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல.

என்னை மனதில் வைத்து அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து எங்கள் குடும்பத்தின் பக்கத்தை மேசையில் விரித்தபோது, அம்மாவின் பெயருக்குக் கீழே என் பெயர் தனியாக இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் என்றேன். மூத்தவரை நான் மறைத்துவிட்டேன் என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். ஓம் என்றதும் பென்சிலைக் கீழே வைத்தார். உயிரோடு இருப்பவர்களை அவர்களிடம் கேட்காமல் புத்தகத்தில் போடுவதில்லையாம். நீங்கள்தான் கேட்கவேண்டும் என்றார்.

மார்க்கத்துக்குத் திரும்பியும் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். புத்தகம் அச்சுக்குப் போகும் காலம் நெருங்கியது. ஒரு ஞாயிறு மகள் கார்த் திறப்பைக் கையில் குலுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"விட்பிக்குப் போக பாஸ்போர்ட் தேவையில்லை அப்பா."

அக்காவே கதவைத் திறந்தார். மெலிந்து, அம்மாவைப்போல இருந்தார். மகளை அணைத்து உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். தேநீர் வந்தபிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"அப்ப, மாட்டு டாக்குத்தர் கேட்டபடியாலோ ராசா நான் உனக்கு அக்கா?"

"ஓம். அவர் கேட்காட்டி நான் வந்திருக்க மாட்டன்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மாவின்ர அறிவித்தலைப் பாத்தனான். எழுதேக்க உனக்குக் கை நடுங்கியிருக்கும் எண்டு நினைச்சன்."

"நடுங்கேல்லை அக்கா."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அக்கா அதை நம்பவும் விரும்பியிருப்பார். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா என் கோப்பையை எடுத்து மறுபடியும் தேநீர் ஊற்றினார். "என்னை மட்டும் போடுறதெண்டால் வேண்டாம். அவரையும் போடு. அவற்ற தாய் தேப்பனையும் போடு. அவையும் ஆக்கள்தான்."

நான் பேனையை எடுத்தேன். எங்கள் பரம்பரையைப் பேரனாரின் பேரனார்வரை சொல்லத் தெரிந்த எனக்கு, அக்காவின் மாமியாருடைய பெயர் தெரியாது. அக்காவின் கணவரை ஒருநாளும் நான் முறை சொல்லி அழைத்ததும் இல்லை.

"அத்தான்ர அம்மாவின்ர பேர் என்ன அக்கா?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதினேன். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் புத்தகத்தில் பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் போடுவார்கள். இனி நான் இரண்டாவது.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று புட்டும் மீன்குழம்பும் வைத்தார். சாப்பிடும்போது அந்த இலக்கக் கல்லைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் பொம்பிளைக்கு ஒரு பேர்க் கல்லு வைக்கேல்லையோ?"

"வாற கோடையில வைக்கினமாம்."

"நீ போறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போ."

"அதுக்குப் பாஸ்போர்ட் வேணும் அக்கா."

"என்னட்டை இருக்கு. ஒருத்தரும் ஒரு இடமும் கூப்பிடேல்லை. புதுசாவே கிடக்கு."