ராணிக்கு வெட்டிய கிராப்பு

எங்கள் கூத்து ஜமாவில் ராணி வேஷம் எனக்கு. செத்துக் கிடக்கும் ராஜாவின் மேல் ராணி கூந்தலை விரித்துப்போட்டு அழ வேண்டும். அது சொந்த முடியாக இருந்தால் அந்த வருசம் ஊரில் சாவு குறையும் என்று பாப்பாரப்பட்டிப் பக்கம் நம்பினார்கள். என் தலைக்குத் தடவப் பெண்கள் எண்ணெய் கொண்டுவந்து தருவார்கள்.

மழை பொய்த்த வருசம் வயிற்றுப்பாட்டுக்காக, பயிற்சி முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டுச் சண்டை வந்தால் கூப்பிடும் ரிசர்வ் பட்டாளத்தில் சேர்ந்தேன். காலருக்கு மேலே கழுத்து தெரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். பயிற்சிக்குப் போன முதல் நாளே ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

ஊர் திரும்பி, அந்த மாசிக் கூத்தில் டோப்பா வைத்துக்கொண்டு அழுதேன். ஊரார் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பெண்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே திரும்பிப் போனார்கள்.

சித்திரையில் வாந்திபேதி வந்தது. மகளைப் பறிகொடுத்த ஒருத்தி என் வாசலில் வந்து நின்றாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

"முடி எப்பங்க வளரும்?" என்று மட்டும் கேட்டாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி இன்னொன்று.

"வளந்துருங்கம்மா" என்றேன்.

முடிக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அதில் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் வளர்த்தேன். கழுத்தைத் தொடும்போது சண்டை மூண்டு, ரிசர்வ்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள். மொரப்பூரில் ரயிலேறினேன்.

சண்டை முடிந்து திரும்பியபோது முன்மண்டை வழுக்கை. வெட்ட ஆளில்லை, வளர முடியில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டும் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.