மூன்று முறை தாம்பரத்துக்குச் சுமந்த கல்

காலை ஏழரை மணிக்குப் பம்மலில் பஸ் ஏறினேன். தோளில் கோணிப்பை, அதற்குள் பதினைந்து கிலோவில் ஒரு கல். கண்டக்டர் பையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"லக்கேஜுக்கும் டிக்கெட் எடு பெருசு. உள்ள இன்னா கீது, சாமி சிலையா?"

"சாமியைச் செய்யறதே இந்தக் கல்லுலதாண்டா" என்று சொல்லி, எனக்கும் கல்லுக்கும் சேர்த்து ஒன்றரை ரூபாய் கொடுத்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினோரு வயதில் சம்மட்டி பிடித்தேன். நாற்பதில் சொந்தக் குவாரி, இரண்டு லாரி, ஒரு கிரஷர். குவாரி இருப்பது பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் நடுவில். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறவர்களின் டயருக்கு அடியில் கிடப்பதில் பாதி என் ஜல்லி. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

வருஷம் 1993, அக்டோபர் நடு. மகாராஷ்டிரத்தில் பூமி அதிர்ந்து ஊர் ஊராக மண்ணுக்குள் போய்ப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. என் குவாரிப் பள்ளத்தின் மேல் ஓரத்தில் ஒரு வரிசை வீடுகள் உண்டு. என் ஆட்களுக்காக நானே இடம் விட்டுக் கட்டிக்கொடுத்தவை. கடைசி வீட்டில் என் தங்கை சகுந்தலா. புருஷன் போன பிறகு என் வீட்டு மாடியில் வந்து இரு என்றேன். அண்ணிக்குக் கீழே குடித்தனம் பண்ணமாட்டேன் என்று பாறை ஓரத்திலேயே இருந்துவிட்டாள். அன்றைய அதிர்வில் இங்கேயும் பாத்திரம் ஆடியது என்று வரிசை முழுக்கப் பேச்சு. ஒரு சுவரில் கீறல் வேறு. நம் கல் இரும்புடா என்று எத்தனை முறைதான் சொல்வது? படித்தவர்கள் வாயால் ஒரு தடவை சொல்லவைத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பல்லாவரத்தில் மின்சார ரயில். லாரி இரண்டும் லோடில் போயிருந்தன. குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியை மாதிரி ஒரு அம்மாள் கோணியைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டார். தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்தேன். சேலையூர் தாண்டி மூன்று கிலோமீட்டர், பதினைந்து ரூபாய்.

"கல்லை எடுத்துகினு எங்க பெருசு போற? எவன் மண்டைல போடப் போற?" என்றான் ஆட்டோக்காரன்.

"கல்லுக்கு டெஸ்ட் எடுக்கப் போறேன்."

"ஆஸ்பத்திரிக்கா? பேஜார்ப்பா உன்னோட" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

கல்லைச் சோதிக்கிற அந்த ஆய்வுக்கூடம் வெளியிலிருந்து பார்த்தால் ரேஷன் கடை மாதிரிதான். தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம். உள்ளே போனால் காதைப் பிளக்கும் சத்தம். கல்லைத் துளைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் குவாரியில் வெடி வைக்கத் துளை போட்டால் தூசி பறக்கும். இங்கே தண்ணீரை ஊற்றி ஊற்றித் துளைத்து, கல்லுக்குள்ளிருந்து கரும்புத் துண்டு மாதிரி உருண்டையான கல்லை உருவி எடுக்கிறார்கள். பொறுப்பில் இருந்தவர் டாக்டர் பியூலா. நாற்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. கல் உடைவதற்கு முன்னால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பூமி அதிர்வதும் ஆழத்தில் கல் உடைவதுதானாம்.

பள்ளத்து ஓர வீடுகளைப் பற்றிச் சொன்னேன். என் கல்லைத் துளைக்கும் நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒன்று காட்டினார். பல்லாவரம் குன்றடியில் கிடைத்த பழைய சுட்டமண் பெட்டியின் சில்லு. பிணத்தை வைத்துப் புதைக்கிற, கால் வைத்த பெட்டி. சில்லைத் தலைமுடி கனத்துக்குச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே நீலமும் பழுப்புமாகப் பொடிக் கற்கள் மின்னின.

"இந்தப் பொடியை வச்சு எந்த மலையோட மண்ணு, எவ்வளவு சூட்டில் சுட்டாங்கன்னு சொல்லிடலாம் ஐயா. இது உங்க பக்கத்து மலைதான்" என்றார்.

மலை மக்கி மண்ணாகி, அந்த மண்ணில் பெட்டி செய்து, ஒருவனை உள்ளே வைத்து, திரும்ப அந்த மலைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கண்ணை எடுத்துவிட்டேன்.

பிறகு என் கல். இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் அந்த உருண்டையை நிறுத்தி, பக்கத்தில் சத்தம் பிடிக்கிற ஒரு பொத்தானை ஒட்டி, அதிலிருந்து வயர் போட்டு ஸ்பீக்கரில் கொடுத்திருந்தார்கள். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏற நான் சொல்லிக்கொண்டே வந்தேன்: "பாருங்க, ஒண்ணும் ஆகாது." பத்து டன், இருபது, முப்பது. நாற்பது தாண்டியதும் ஸ்பீக்கரில் கடலை வறுக்கும்போது வெடிக்கிற மாதிரி சத்தம் தொடங்கியது. நாற்பத்தாறில் துப்பாக்கி வெடித்தாற்போல் உடைந்தது.

"நான் சொல்லல?" என்றேன். "இரும்பு மேடம், இரும்பு."

"ரொம்ப நல்ல கல். பள்ளத்தில் எந்த இடத்தில் எடுத்தீங்க?"

"அடியில. எங்ககிட்ட இருக்கிறதிலேயே முதல் தரம். சம்மட்டியால தட்டினா மணி மாதிரி கேட்கும். பொறுக்கி எடுத்துக் கழுவிக் கொண்டாந்தேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வீடுங்க அடியிலயா இருக்கு?"

எங்கள் தொழிலில் சாம்பிள் என்றால் இருப்பதில் நல்லதைக் காட்டுவது. இத்தனை வருஷத்தில் எவனும் மட்டக் கல்லைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் காட்டப் போனதில்லை. அதைச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"படுத்துக் கிடக்கிற ஆளுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும். வீட்டிலேயே திடமான ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க ஐயா. ஓரத்தில், வீட்டுக்குக் கீழே, பாறையில் எங்கயாவது மஞ்சளா மண்ணு அடைச்ச வெடிப்பு இருக்கா?"

இருந்தது. பள்ளத்தை நோக்கிச் சாய்வாக ஓடும் வெடிப்பு. அந்தக் கல் விலை போகாது என்று நாங்கள் விட்டு வைத்த பக்கம். விலை போகாத இடம் என்பதால்தான் அங்கே வீடு கட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் அதே பஸ், அதே ரயில், அதே கோணி. இந்த முறை வெடிப்பு ஓரத்துக் கல். தட்டினால் இதுவும் மணி மாதிரிதான் கேட்டது. அதனால் தைரியமாகவே போனேன். மேடம் அதைக் காய்ந்தபடி ஒரு துண்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு துண்டு என்று பார்க்க வேண்டும் என்றார். அடுத்த நாள் போன் செய்து சொன்னார். காய்ந்தது இருபத்தொரு டன். ஊறியது ஒன்பதில் போய்விட்டது. ஸ்பீக்கர் தொடக்கத்திலிருந்தே வெடித்துக்கொண்டிருந்ததாம்.

"மழை வரதுக்குள்ள அவங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க ஐயா. வெடி வைக்கிறதையும் நிறுத்துங்க. பூமி அதிரவே வேண்டாம். தண்ணி இறங்கினா போதும்."

வெடியை அன்றே நிறுத்தினேன். சாயங்காலம் வரிசைக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். துளை போடுகிற ஜாக்கி மெஷின் ஓட்டும் முனுசாமி, எனக்கு இருபது வருஷம் வேலை செய்தவன், பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"அந்த ஓரத்துக் கல்லுக்கு எவன் வெல சொன்னான் காண்ட்ராக்டரே? எங்கள எறக்கி வுட்டுட்டு அதையும் ஒடைக்கப் போறியா?"

"ஒன்பது டன்னுலடா ஒடஞ்சிது. காதால கேட்டேன்" என்றேன். போனில் சொன்னதைத்தான் கேட்டிருந்தேன். அவனிடம் அப்படிச் சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன்.

சகுந்தலா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வாசற்படி தனியாகக் கட்டியதல்ல, பாறையே படி. அதன் மேல் வெள்ளை எனாமல் பெயிண்டில் ஒரு கோலம் போட்டு வைத்திருந்தாள். தினமும் குனிய முடியவில்லை என்று.

"நேத்து வரிக்கும் இரும்புன்ன. இன்னிக்கு இன்னாண்ணா, பிஸ்கட்டா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன்.

"நீ சொல்லிச் சொல்லித்தாண்ணா நான் பயமில்லாம படுத்துனு கீறேன். இப்ப வந்து பயமுறுத்தாத. போய் சாப்புடு" என்றாள்.

இரண்டு குடும்பம் கீழ்க்கட்டளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. மற்றவர்கள் இருந்தார்கள். தினமும் போய்ச் சொன்னேன். மிரட்டினேன். கரண்டைப் பிடுங்கினேன், சிம்னி ஏற்றிக்கொண்டார்கள். என் சொல்லுக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு. கல் இரும்பு என்ற சொல்லை நம்பினவர்கள் அதையே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலையில் முனுசாமியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினார்கள். பயந்து போகவில்லை, கூரை ஒழுகியது. சகுந்தலா வீடு ஒழுகாது. நல்ல தளமாக நானே போட்டுக்கொடுத்தது. பத்து மணி வாக்கில் கடைசி இரண்டு வீடும், முனுசாமியுடையதும் சகுந்தலாவுடையதும், பாறையோடு பள்ளத்துக்குள் இறங்கின. முன்னால் வெடிக்கிற சத்தம் கேட்டிருக்கும். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நின்றதால் அவளை எடுக்க மறுநாள் ஆயிற்று. மீதிப் பேர் அன்றைக்கே காலி செய்தார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிசம்பரில் டாக்டர் பியூலா வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார். போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். சரிந்த இடத்துக் கல் ஒன்று கிடைத்தால், தண்ணீர் உள்ளே எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். இந்தப் பக்கம் இப்படி எத்தனையோ பள்ளத்தின் மேல் வீடுகள் இருக்கின்றன. கொண்டுவருகிறேன் என்றேன்.

மூன்றாவது பயணம். பம்மல் பஸ்ஸில் இப்போதும் கோணிக்கு டிக்கெட் உண்டு. ரயிலில், திருநீர்மலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பம் பிரசாதம் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். தாம்பரத்தில் ஆட்டோக்காரன் என்னைக் கண்டுகொண்டான்.

"இன்னா பெருசு, மறுபடியும் கல்லா? அதுக்கு இன்னும் வியாதி தீரலியா?"

பதினைந்து ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இந்த முறை கல்லைப் பொறுக்கவில்லை. கழுவவில்லை. தட்டிப் பார்க்கவும் இல்லை. சரிவில் கைக்கு முதலில் எது வந்ததோ அது. மேடம் மேஜையில் வைத்துத் திருப்பினார். ஒரு பக்கத்தில் வெள்ளையாக வளைந்து ஓடிய கோட்டின் மேல் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒரு வெள்ளைக் கோடு ஓடுதே ஐயா. கல்லுக்குள்ள இருந்து வரதா, மேலயே ஓடறதா? இது என்ன தாதுன்னு தெரியலையே."

"தாது இல்லம்மா" என்றேன். "என் தங்கச்சி போட்ட கோலம்."

அவர் லென்ஸை எடுத்துவிட்டார். துளைக்கும் மெஷினில் இருந்தவனை நிறுத்தச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். துளைக்கட்டும், அதற்குத்தான் கொண்டுவந்தேன். தண்ணீர் ஊற்றினார்கள். மெஷின் இறங்கியது. கோலம் இருந்த பக்கம் கீழே வரும்படி அந்தப் பையன் கல்லைத் திருப்பி வைத்திருந்தான்.