முன்னொட்டும் கைநாட்டும்

மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. என் ஆங்கிலம் வெட்டி ஒட்டிய ஆங்கிலம். நீளமான சொல் வந்தால் அதன் தலைப்பகுதியைப் பென்சில் கோட்டால் பிரித்துப் பார்ப்பேன். ‘அன்’ என்றால் இல்லை. ‘டிஸ்’ என்றால் கழற்றிவிடு. ‘ரீ’ என்றால் திரும்ப. மீதியை ஊகித்துக்கொள்வேன். இந்த மூன்றை வைத்தே துரையிடம் நான்கு வருடம் குப்பை கொட்டினேன்.

ரப்பர் விலை விழுந்ததும் மூன்றும் ஒரே தாளில் வந்து சேர்ந்தன. அன்ஃபிட், உடம்புக்கு முடியாதவன். டிஸ்சார்ஜ், வேலையிலிருந்து நீக்கம். ரீபேட்ரியேட், ஊருக்கே, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது.

எங்கள் ஆபீசில் கைநாட்டு முதலில், எழுத்து பிறகு. காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட வரிசையாக நிற்கும்போதே வாங்காவிட்டால் ஆட்கள் காட்டுக்குள் கலைந்துவிடுவார்கள். அன்று விஷயம் கசிந்திருந்தது. ஒருவரும் முன்னால் வரவில்லை. துரை என்னையே முறைத்தார். மரம் சீவும் என் அண்ணன் வந்து வெற்றுத் தாளில் பெருவிரலை வைத்தார். என் மானம் போகக்கூடாது என்றுதான் வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். துரை தாள்களை எண்ணி, அத்தனை பேரையும் அனுப்புவதாகக் கணக்கெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அண்ணன் தாளை மட்டும் உருவிவிடலாமா என்று பெரிய கிராணியைக் கேட்டேன். உருவினால் உனக்கும் ஒரு தாள் எழுத வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் தோட்டத்திலேயே அதிகம் பால் எடுப்பவர். ‘அன்ஃபிட்’ என்று எழுதினேன். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவருக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. ‘ரீ’யையும் எழுதினேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. இப்போது நினைத்தாலும் அசைவதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

“கப்பல் வர்ற வரைக்கும் பெரட்டுக்கு வரணுமா?” என்று மட்டும் கேட்டார்.

“வரணும்ண்ணே.”

ஒரு காலைகூடத் தவறாமல் வந்து நின்றார். நான் பெயரைக் கூப்பிட்டால், “இருக்கேங்க ஐயா” என்றார். அதுவரை என்னைத் தம்பி என்று மட்டுமே அழைத்தவர். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.